சிங்கியோடு ஏறி வந்த பொம்மை: எக்ஸ் ஃபைல்ஸ் ஐந்தாம் சீசன் டிவிடித் தொகுப்பு

விளங்காத மர்மங்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகளான முல்டரும் ஸ்கல்லியும் துப்பறியும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எக்ஸ் ஃபைல்ஸ். மதுரையில் பழைய டிவிடி விற்கும் ஒரு கடையில் அதன் ஐந்தாம் சீசன் தொகுப்பை நான் வாங்கியது ஒரே ஒரு பாகத்துக்காக. இருபது பாகங்கள் கொண்ட அந்த சீசனில் பத்தாவதாக வரும் ‘சிங்கா’வை, தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டருடன் சேர்ந்து எழுதியவர் ஸ்டீஃபன் கிங். 1998 பிப்ரவரி 8 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றிப் படித்திருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. பார்த்த பிறகு சொல்வதானால், கொடுத்த காசு வீண் இல்லை. ஆனால் பேய்க்கதைக்குப் பேர்போன ஒரு நாவலாசிரியரை அடுத்தவர் தொடருக்கு விருந்தாளியாக அழைப்பதில் எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு கைநழுவிப் போகிறது என்பதும் அதே பாகத்தில் தெரிந்துவிடுகிறது.

‘சிங்கா’ என்பது கதையில் வரும் பொம்மையின் பெயர். ஸ்பானிஷில் அது கெட்ட வார்த்தை என்று சில நாடுகளில் பாகத்தின் தலைப்பையே மாற்றினார்கள். பாம்பனில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது சிங்கி இறால்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொம்மை கரைக்கு வருவதும் சிங்கி பிடிக்கும் கூட்டில்தான். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் ஒரு கடலோரச் சிற்றூர். இரவில் கூட்டைத் தூக்கிய ஒரு மீனவர் அதில் கிடந்த பொம்மையைத் தன் மகளுக்கு எடுத்துப் போகிறார். அதோடு அவர் ஆயுசு முடிகிறது. இதைப் பெரிய சிங்கி ஒன்று பரிமாறப்பட்ட மேசையில் வைத்து ஒரு வயதான கடலோடி, விடுமுறைக்கு அந்த ஊருக்கு வந்திருக்கும் ஸ்கல்லியிடம் சொல்கிறார். பாகத்தின் மிகச் சிறந்த இடம் அதுதான். பொம்மை எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று எதையும் கிங் விளக்கவில்லை. கடலில் கிடந்தது, வந்தது, அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் பல வருடம் கூடு போட்ட என் சித்தப்பா, கடையில் இருப்பவர்கள் தங்கள் கண்களைத் தாங்களே பிறாண்டிக்கொள்ளும் ஆரம்பக் காட்சியைச் சற்றும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த இடத்தில் மட்டும், “அத வீட்டுக்குக் கொண்டாந்திருக்கக் கூடாதுப்பா” என்றார்.

அந்த ஆரம்பக் காட்சியில் ஒரு நுணுக்கம் உண்டு. சிறுமியின் தாய் பலசரக்குக் கடையின் உறைபெட்டிக் கண்ணாடியைப் பார்க்கிறாள். இறைச்சிப் பிரிவில் வேலை செய்பவர் கண்ணில் கத்தி செருகியபடி அதில் தெரிகிறார். திரும்பிப் பார்த்தால் அங்கே யாருமில்லை. சற்று நேரத்தில் அதுவே நடக்கிறது. பால் வாங்கவும் கறி வாங்கவும் போகிற இடத்தில், மத்தியான வெளிச்சத்தில் பயத்தைக் கொண்டு வந்து நிறுத்துவது கிங்கின் கைப்பழக்கம்.

பிசகுவது முல்டரும் ஸ்கல்லியும் பேசும்போதுதான். விடுமுறையில் இருக்கும் ஸ்கல்லியை முல்டர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். பொழுது போகாமல் பென்சில்களைக் கூரையில் எறிந்து குத்தவைக்கிறார். தனியாகப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஊரில் ஆள்கள் சாகும்போது அந்த அழைப்புகள் வேறு ஒரு கதையிலிருந்து வருவதுபோல் இருக்கின்றன. கிங் எழுதிக் கொடுத்ததை, குறிப்பாக இந்த இருவரின் பேச்சை, கார்ட்டர் திருத்தி எழுதினார் என்பது தெரிந்த செய்திதான். தெரியாமல் பார்த்தாலும் இரண்டு கை வேலை என்று கண்டுபிடித்துவிடலாம். ஐந்து வருடமாக ஒரு வீட்டில் வளர்ந்த பாத்திரங்களுக்கு நேற்று வந்தவர் எப்படிக் குரல் கொடுப்பார்? அதற்காகக் கிங்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விருந்தாளி எழுத்தாளர்கள் எப்போதும் சொந்த மூட்டையோடுதான் வருகிறார்கள். ‘சைக்கோ’ நாவலை எழுதிய ராபர்ட் பிளாக், 1966, 67 ஆண்டுகளில் விண்வெளிக் கதைத் தொடரான ஸ்டார் ட்ரெக்குக்கு மூன்று பாகங்கள் எழுதியபோது, ஒன்றில் விண்வெளிக்கே ஒரு பாழடைந்த கோட்டையையும் கறுப்புப் பூனையையும் கொண்டு போனார். இன்னொன்றில் 1943-லேயே தான் சிறுகதையாக எழுதிவிட்ட லண்டன் கொலைகாரன் ‘ஜாக் தி ரிப்பரை’ இறக்கினார். இன்னொரு திகில் எழுத்தாளரான ரிச்சர்ட் மேத்சன் கதை வேறு. ட்விலைட் ஸோன் தொடருக்குப் பத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் எழுதியதால் அவர் விருந்தாளி என்ற நிலையைத் தாண்டி வீட்டு ஆளாகவே ஆகிவிட்டார். தவிர, அத்தொடரில் வாராவாரம் கதையும் பாத்திரமும் புதிது என்பதால், அடுத்தவர் வளர்த்த பிள்ளைகளைப் பேச வைக்கும் சிரமமும் அவருக்கு இல்லை.

‘சிங்கா’வுக்கு அடுத்த வாரமே வந்த பதினொன்றாம் பாகமும் விருந்தாளிகள் எழுதியதுதான், அறிபுனை எழுத்தாளர் வில்லியம் கிப்சனும் டாம் மேடாக்ஸும். அது பேய்க்கதை இல்லை என்பதால் இங்கே நீட்டவில்லை; வேகம் அதிகம்.

கிங் யாருடைய வீட்டுக்கும் போகாமல், சொந்த மனையில் கட்டினால் எப்படி இருக்கும் என்று அறிய, 1999-இல் அவர் நேரடியாகத் தொலைக்காட்சிக்கென்றே எழுதிய ‘ஸ்டார்ம் ஆஃப் தி செஞ்சுரி’யைப் பார்க்க வேண்டும். பனிப்புயலில் கரையோடு தொடர்பறுந்த ஒரு மீனவத் தீவு. அங்கே வந்து, தான் கேட்பதைக் கொடுத்தால் போய்விடுவதாகச் சொல்லும் ஓர் அந்நியன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதையும், பாம்பன் பாலம் உடைந்து தீவு தனித்துக் கிடந்ததையும் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மூன்று பகுதிகளாக வந்த அந்தக் கதை பொம்மையைவிட ஆழமாக இறங்கும்.

தொகுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். படம் தெளிவாக இருக்கிறது. தமிழ் வசனவரி கிடையாது, அதனால் சித்தப்பாவுக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கடைசித் தட்டில் ஒரு கீறல். கடைக்காரர் பார்த்துக் கொடுத்ததாகச் சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது. உப்புக் காற்றில் பிளேயர் துருப்பிடிக்கும் எங்கள் ஊரில் டிவிடி வாங்குவது புத்திசாலித்தனமா என்று வீட்டில் கேட்டதும் நியாயமே. முழு சீசனையும் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். கிங்குக்காக மட்டும் என்றால் யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்த்தால் போதும்.

முடிவில் ஸ்கல்லி பொம்மையை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து எரிக்கிறார். பிறகு இன்னொரு மீனவர் இன்னொரு கூட்டைத் தூக்குகிறார். கருகிய பொம்மை உள்ளே. சித்தப்பா அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். கூட்டின் வாய் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது.