வாஷிங்டனா, ஜெருசலேமா? விவிலிய வரலாற்றைத் தேடி இரண்டு அருங்காட்சியகங்கள்

வாஷிங்டனில் உள்ள விவிலிய அருங்காட்சியகத்துக்கும் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் சென்று வந்தேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் மறுபடியும் போகலாம் என்றால் ஜெருசலேமையே தேர்ந்தெடுப்பேன். அந்நகரின் புனிதம் அதற்குக் காரணம் அன்று. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் எந்த மண்ணிலிருந்து, யார் கையால் வெளிவந்தது என்ற கேள்விக்கு அங்கே பெரும்பாலும் தெளிவான விடை கிடைக்கிறது.

2017 நவம்பரில் திறக்கப்பட்ட வாஷிங்டன் அருங்காட்சியகம் வசதியில் முந்தி நிற்கிறது. பழைய ஏற்பாட்டுக் கதைகளுக்குள் நடந்து செல்லும் ஒலி ஒளி அரங்கும், இயேசு காலத்து நாசரேத் ஊரின் மாதிரியும் குழந்தைகளுடன் வருவோருக்கு மிகவும் ஏற்றவை. கதையைச் சொல்லும் கலையில் ஜெருசலேம் இதற்கு ஈடாகாது.

ஆனால் சான்று என்று வரும்போது நிலைமை மாறுகிறது. சாக்கடல் அருகிலுள்ள குகைகளில் கிடைத்த பழங்கால யூதக் கையெழுத்துப் பிரதிகளே சாக்கடல் சுருள்கள்; அவற்றைச் சேர்ந்தவை என்று வாஷிங்டனில் வைக்கப்பட்டிருந்த துணுக்குகளில் ஐந்து போலி என்று 2018-இலும், வைத்திருந்த பதினாறுமே போலி என்று 2020-இலும் தெரியவந்தது. ஆய்வுக்கு ஏற்பாடு செய்து முடிவை வெளியிட்டது அந்த அருங்காட்சியகமே என்பதால் அதன் நேர்மையைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தத் துணுக்குகள் அனைத்தும் சந்தையில் வாங்கப்பட்டவை. எந்தக் குகையில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்ற பதிவு எதற்கும் இல்லை. முறைகேடாக அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்பட்ட, பண்டைய மெசொப்பொத்தேமியக் காவியமான கில்காமேஷின் பகுதி பொறித்த களிமண் பலகை ஒன்றும் அங்கிருந்து பறிமுதல் செய்யப்பட்டு 2021-இல் ஈராக்கிடம் திருப்பித் தரப்பட்டது. பிறப்பிடம் தெரியாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரலாற்றைப் பற்றி அதனால் உறுதியாக எதையும் சொல்ல இயலாது.

ஜெருசலேமின் தொல்லியல் பிரிவில் இதற்கு நேர்மாறான அனுபவம். பழைய துறைமுக நகரான செசரியாவின் ரோமானிய நாடக அரங்கில் படிக்கல்லாகப் பயன்பட்டுக் கிடந்த கல்லை 1961-இல் இத்தாலிய அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அதில், இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்த ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் இருக்கிறது. ‘தாவீதின் வீடு’ (அதாவது தாவீது அரசரின் மரபு) என்று அராமேய மொழியில் பொறித்த கல்வெட்டு 1993-இல் வட இஸ்ரேலின் தாண் மேட்டின் அகழாய்வில் வெளிவந்தது. 1979-இல் ஜெருசலேமின் கெத்தேப் இன்னோம் கல்லறையில் கிடைத்த இரண்டு வெள்ளிச் சுருள்களில், பழைய ஏற்பாட்டு நூலான எண்ணாகமத்தின் 6-ஆம் அதிகாரத்து ஆசீர்வாதம் சுருங்கிய வடிவில் கீறப்பட்டுள்ளது. சாக்கடல் சுருள்களைவிட ஏறத்தாழ 400 ஆண்டுகள் மூத்த அவற்றில் பெரியதை விரித்தாலும் ஒரு விரல் நீளம்தான். பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

அதே அளவுகோலை ஜெருசலேமுக்கும் வைக்க வேண்டும். அங்குள்ள சாக்கடல் சுருள்களில் புகழ்பெற்றதான, விவிலியத்தின் ஏசாயா நூல் எழுதப்பட்ட சுருளைக் கண்டெடுத்தவர்கள் அகழாய்வாளர்கள் அல்லர், 1947-இல் சாக்கடல் அருகிலுள்ள கும்ரான் குகைக்குள் நுழைந்த பெதூயின் நாடோடி ஆயர்கள். பல கைகள் மாறிய அது, 1954-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் வரிவிளம்பரத்தின் வழியாக மற்ற மூன்று சுருள்களுடன் 2,50,000 டாலருக்கு விற்கப்பட்டது. வாஷிங்டன் துணுக்குகளைப் போல இதுவும் சந்தைப் பொருள்தானே என்று கேட்கலாம். வேறுபாடு என்னவென்றால், 1949-இல் அந்தக் குகையையே தோண்டியபோது சாடிகளின் உடைசல்களும், சுருள்களைச் சுற்றியிருந்த துணிகளும், ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருந்த சில சுருள்களிலிருந்து உதிர்ந்த துண்டுகளும் கிடைத்தன. குகையே சாட்சி சொன்னது.

லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை மூன்றாவதாகச் சேர்க்கலாம். அங்கே எனக்குக் கிடைத்தது அரை நாள் மட்டுமே என்பதால் அழுத்தமாகப் பேசத் தயங்குகிறேன். கி.மு. 701-இல் யூதா நாட்டு நகரான லாகீசை வீழ்த்தியதை அசீரிய மன்னன் சனகெரிப்பே தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்க வைத்த புடைப்புச் சிற்பங்கள் அங்கு உள்ளன. வென்றவன் தரப்புச் சாட்சியை வேறெங்கும் இவ்வளவு விரிவாக நான் பார்த்ததில்லை. பொது அரங்குகளுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

ஜெருசலேமுக்குச் செல்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளவும். சாக்கடல் சுருள்களுக்கெனத் தனியாக அமைந்த அரங்கின் வெண்குவிமாடத்தின் கீழ், நடுவே வட்டமாக விரித்து வைத்திருப்பது வழக்கமாக ஏசாயா சுருளின் நகல். மூலம் பாதுகாப்பு கருதி உள்ளே வைக்கப்படுகிறது. வாசலுக்கு அருகில் இருக்கிறதே என்று எல்லோரும் முதலில் அங்குதான் போகிறார்கள். கண்ணும் காலும் களைப்பதற்கு முன்பே தொல்லியல் பிரிவை முடித்துவிட்டு அங்கே வருவது நல்லது.