பழைய பிக்கலோவின் சுருதி: முத்திரை, ஆர்மோனியம், ரியூனர், அடிமட்டம் – எதை நம்புவது?

வன்னிப் பாடசாலைகளின் பாண்ட் குழுக்களுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் வாங்கி அனுப்பும் பழைய பிக்கலோக்களை (சிறிய, உச்ச ஒலியுள்ள மேலைநாட்டுப் புல்லாங்குழல்களை), பிள்ளைகளின் கையில் கொடுக்க முன்னர் சோதித்தே ஆகவேண்டும். பிரிட்டிஷ் இராணுவ பாண்டுகள் 1920களின் இறுதிவரை ஏ = 452 ஹேர்ட்ஸ் அளவான உயர்சுருதியில் வாசித்தன. இன்றைய தாழ்சுருதியான 440 இலிருந்து அது கிட்டத்தட்ட 47 சென்ற் மேலே (ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ற்). அதாவது அதன் சி சுரம் இன்றைய 1 கட்டைக்கும் (சி) 1½ கட்டைக்கும் கிட்டத்தட்ட நடுவில். இதற்கு மேல், பிக்கலோவில் சி என்றும் டி பிளாற் என்றும் இரண்டு வகை உண்டு. ஆகவே கையில் இருப்பது நான்கில் எது என்று பிரித்தறிய வேண்டும்.

முதலில் முத்திரையைப் பாருங்கள். 'எச் பி' என்றோ தனி 'எச்' என்றோ பொறித்திருந்தால் உயர்சுருதி. 'எல் பி' என்றால் தாழ்சுருதி. ஒன்றுமே இல்லாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வகையைச் சொல்லும் முத்திரை இன்னும் ஆபத்தானது. பழைய ஆங்கிலேய வழக்கில் ஆறு விரல்களையும் மூடினால் கேட்கும் சுரத்தின் பெயரையே குழலுக்கு வைத்தார்கள். அதனால் 'ஈ பிளாற்' என்று பொறித்த பழைய பிக்கலோ இன்றைய கணக்கில் டி பிளாற். இது தெரியாமல் நோட்ஸ் எழுதிக் கொடுத்தால் குழுவே குழம்பும்.

ஆர்மோனியம் எல்லா ஊரிலும் கிடைக்கும், காதுக்கும் பழக்கம். ஆறு விரலையும் மூடி ஊதும் சுரம் 2 கட்டையோடு சேர்ந்தால் சி பிக்கலோ, 2½ கட்டையோடு சேர்ந்தால் டி பிளாற். எந்தக் கட்டையோடும் ஒட்டாமல் இரண்டு பக்கமும் அலையடித்தால் உயர்சுருதி என்று சந்தேகிக்கலாம். ஆனால் பழைய பெட்டியின் ரீட்களே இறங்கியோ ஏறியோ இருக்கலாம் என்பதால், இதை முதற்கட்ட வடிகட்டலுக்கு மேல் நம்பமுடியாது.

சுருதியை அளந்து காட்டும், போனில் உள்ள ரியூனர் செயலிதான் எங்கள் தெரிவு, சோதிக்கும் முறை சரியாக இருந்தால் மட்டும். தலைப்பகுதியின் மூடிய முனைக்குள் இருக்கும் தக்கையை முதலில் பாருங்கள்: பிக்கலோவில் ஊதுதுளையின் நடுவிலிருந்து 7 முதல் 8 மில்லிமீற்றரில் அது இருக்கவேண்டும். விலகியிருந்தால் கீழ் டியும் மேல் டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. தலைப்பகுதியை 1 மில்லிமீற்றர் அளவு வெளியே இழுத்து, ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்குங்கள். பிறகு டி, ஜி, ஏ மூன்றையும் இரண்டு ஸ்தாயியிலும் ஊதுங்கள். ஊதுபவர் திரையைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் உதடு தானாகவே முள்ளை நடுவுக்கு இழுத்துவிடும். இன்னொருவர் பார்த்துக் குறிக்கட்டும். செயலி காட்டும் ஸ்தாயி எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆறு விரலையும் மூடும் டி விரலுக்கு முள் 'டி'யில் நடுவே நின்றால் தாழ்சுருதி சி. 'ஈ பிளாற்'றில் நின்றால் தாழ்சுருதி டி பிளாற். டிக்கும் ஈ பிளாற்றுக்கும் இடையே முள் தாவிக்கொண்டிருந்தால் உயர்சுருதி சி. ஈ பிளாற்றுக்கும் ஈக்கும் இடையே தாவினால் உயர்சுருதி டி பிளாற். உறுதிப்படுத்த, செயலியின் அடிப்படை அளவை 440 இலிருந்து 452 ஆக மாற்றுங்கள். முள் நடுவுக்கு வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

வன்னி வெயில் இங்கேதான் ஏமாற்றும். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு பாகை சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ற் ஏறும். ஊதும் மூச்சே சூடு என்பதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். என்றாலும் ஆடி ஆவணி மதியத்தில், தகரக் கூரையின் கீழ், நல்ல தாழ்சுருதிக் குழலும் 15, 20 சென்ற் மேலே நிற்கலாம். அதே வெயிலில் உயர்சுருதி சி பிக்கலோ ஈ பிளாற்றுக்கு 35 சென்ற் அளவு கீழே வந்து நிற்கும். 'சுருதி கொஞ்சம் இறங்கிய டி பிளாற்' என்று நினைத்து அதற்கேற்ற நோட்ஸை எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே விடிகாலையில், நிழலில் சோதியுங்கள்.

அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் அடிமட்டம் தீர்த்து வைக்கும். தலைப்பகுதியை முழுதாக உள்ளே தள்ளி, ஊதுதுளை நடுவிலிருந்து அடி முனைவரை அளந்து, வகை தெரிந்த ஒரு பிக்கலோவோடு ஒப்பிடுங்கள். சிக்கும் டி பிளாற்றுக்கும் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் வித்தியாசம். உயர்சுருதிக்கும் தாழ்சுருதிக்கும் ஏறத்தாழ 8. தலைப்பகுதி மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் முதலாம் விரல்துளைக்கும் ஆறாம் துளைக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். அது பொய் சொல்லாது.

கிளாரினெற்றுக்கும் இதே ரியூனர் முறைதான். பெருவிரலையும் இடக்கையின் மூன்று விரல்களையும் மூடி ஊதினால் பி பிளாற் வகை பி பிளாற்றையும், ஏ வகை ஏயையும் காட்டும். அங்கே ஊதுவாய்க்கு அடுத்துள்ள பீப்பாய்த் துண்டை யாரும் மாற்றியிருக்கக்கூடும், எனவே நீளத்தை அதிகம் நம்பவேண்டாம்.

உயர்சுருதிப் பிக்கலோவின் தலையை 8 மில்லிமீற்றர் இழுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. டி 47 சென்ற் இறங்கும்போது, விரல்களைத் திறந்து ஊதும் சி ஷார்ப் 87 சென்ற் இறங்கிவிடும்; துளைகள் குட்டைக் குழலுக்கென்றே போடப்பட்டவை. அப்படிப்பட்ட குழலை பாண்டில் சேர்க்காமல், நுண்சுருதி மாற்றக்கூடிய இலத்திரனியல் சுருதிப்பெட்டியோடும் அதற்கு இசைவாக்கிய மிருதங்கத்தோடும் தனியே வாசிக்கக் கொடுங்கள்.