ஹாலோவீன் கூடை: மிட்டாயா, விளையாட்டுச் சாமானா?

அக்டோபர் 31-ல் ஹாலோவீன், குழந்தைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் நாள். அதற்காக அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் அக்டோபர் பிறந்ததும் ஒரு கூத்து ஆரம்பமாகும். சின்னக் கூடை ஒன்றை நிரப்பி, இருட்டிய பிறகு பக்கத்து வீட்டு வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். கூடவே ஒரு சீட்டு: ‘இதைக் கதவில் ஒட்டுங்கள், நீங்களும் இரண்டு வீட்டுக்கு வையுங்கள்.’ சீட்டு ஒட்டிய வீட்டுக்கு அந்த வருடம் மறுபடி கூடை போகாது. இதற்கு ‘பூ!’ (Boo, பேய் மாதிரி பயமுறுத்தக் கத்தும் சத்தம்) பேஸ்கெட் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியக் கூடாது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. நியூ ஜெர்ஸியில் எங்கள் தெருவிலும் நடக்கிறது, நானும் வைக்கிறேன்.

செலோஃபேன் சுற்றிய ரெடிமேட் கூடை கடையிலேயே கிடைக்கும். நேரம் மிச்சம், ஆனால் விலை அதிகம், அடியில் பாதி காகிதத் துருவல்தான். ஒரே ஒரு வீட்டுக்கு என்றால் சரி. வீட்டில் செய்த பலகாரம், உறவுக்காரர்களுக்கு மட்டும். பெயர் போடாமல் வாசலில் கிடக்கும் குக்கீயை எந்தத் தாயும் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாள், நானும்தான். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. அதுபோன்ற வருடத்தில் அண்ணன் வீட்டுக் கூடையில் முறுக்கு வைத்தால் கேள்வி கேட்க ஆளில்லை.

ஆக, உண்மையான போட்டி மிட்டாய்க் கூடைக்கும் சாப்பாட்டுப் பொருளே இல்லாத கூடைக்கும்தான். பெரிய மிட்டாய்ப் பை ஒன்றை வாங்கிப் பிரித்தால் நாலைந்து கூடை நிரம்பிவிடும், அவ்வளவு சுலபம். ஆனாலும் நான் இரண்டாவது கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நம்மால் கேட்க முடியாது. கேட்டால் ரகசியம் போச்சு.

வேர்க்கடலை ஒவ்வாமை எல்லோரும் அறிந்தது. பால், முட்டை, கோதுமை, சோயா என்று பட்டியல் நீளம். 2023 முதல் எள்ளையும் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டில் கடலை மட்டுமல்ல, முட்டையின் வெள்ளைக்கருவும் உண்டு. சுத்த சைவக் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை ஜெலட்டின். மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மார்ஷ்மெல்லோ, கரடி வடிவ ‘கம்மி’ (gummy) ஜெல்லி மிட்டாய், இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாய், சோளமணி வடிவ மிட்டாயான கேண்டி கார்னில் பெரும்பாலானவை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஸ்கிட்டில்ஸ் மிட்டாயில் இல்லை. பெரிய பையின் முதுகில் இதெல்லாம் அச்சிட்டிருக்கும். ஆனால் நாம் பையைப் பிரித்துக் குட்டி மிட்டாய்களைக் கூடையில் போடும்போது அந்தப் பை குப்பைக்குப் போய்விடுகிறது. பல குட்டி உறைகளில் பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது. அதே பெயருள்ள பெரிய மிட்டாயைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது, சேர்மானம் சில சமயம் மாறும். ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா அந்தக் கூடையை என்ன செய்வாள்? மொத்தமாக எடுத்து ஒதுக்கிவைப்பாள், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த யோசனை என்னுடையது அல்ல. ஃபேர் என்ற ஒவ்வாமை அமைப்பு 2014-ல் நாடு முழுக்கத் தொடங்கிய இயக்கம் ஒன்று உண்டு. வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருந்தால், அந்த வீட்டில் மிட்டாய் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று அர்த்தம். அதையே நான் கூடைக்கு இழுத்துக்கொண்டேன்.

என் கூடையில் இருட்டில் ஒளிரும் வளையல்கள், ஸ்டிக்கர், வௌவால் போட்ட பென்சில், குமிழி ஊதும் குப்பி இருக்கும். வளையலுக்கு என் முதல் ஓட்டு. முப்பத்தொன்றாம் தேதி இரவு குழந்தைகள் வீடு வீடாகப் போகும்போது கார் ஓட்டுபவர் கண்ணில் படும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் வளையலும் குட்டிச் சாமானும் வேண்டாம், கடித்துவிடும், விழுங்கிவிடும். பெரிய எழுத்துப் படப்புத்தகம் ஒன்று போதும். ப்ளே-டோ என்ற விளையாட்டுக் களிமண் வைப்பதானால் ஒரு விஷயம்: அதில் கோதுமை இருக்கிறது. பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்குக் கம்பளிக் காலுறை, மெழுகுவத்தி. இன்னொரு சௌகரியம், இதையெல்லாம் ராத்திரி முழுக்க வாசலில் விட்டாலும் அணில், ரக்கூன் பையைக் கிழிக்காது.

குறையும் உண்டு. மலிவுப் பிளாஸ்டிக் சீக்கிரம் உடைந்து குப்பையில் சேரும். அதனால் நாலு உருப்படி போதும், எட்டு வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஸ்டிக்கரைக் கண்டால் அவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், அங்கே மிட்டாயே ஜெயிக்கலாம். லேபிளோடு, பிரிக்காத முழுப் பொட்டலமாக வைத்துவிடுங்கள். அபார்ட்மெண்டில் இது எப்படி நடக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. நான் வைத்ததெல்லாம் தனி வீடுகளுக்குத்தான்.

எந்தக் கூடையானாலும் அக்டோபர் முதல் பாதியிலேயே வைத்துவிடுங்கள். வாங்கியவர்கள் கடைக்குப் போய் இன்னும் இரண்டு கூடை கட்ட வேண்டும், கடைசி வாரத்தில் வைத்தால் அவர்களுக்கு அது வேலைச்சுமை.