72 மாடல் பத்மினி என்று ஒன்று கிடையாது

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பி, "அண்ணா, 71 மாடல் பத்மினி கார், ரெண்டே முக்கால் லட்சம் சொல்றாங்க, எடுக்கலாமா?" என்று கேட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. வண்டிக்குப் பின்னால் தெரிந்த பச்சைத் தகர ஷெட், அதன் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் உடைந்த சிமெண்ட் தொட்டி, இரண்டையும் எனக்கு நன்றாகவே தெரியும். 2023-இல் அதே ஷெட்டுக்கு முன்னால் நின்றுதான் என் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இத்தனை நாள் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

எனக்குக் கோயமுத்தூர், ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. வீட்டில் தாத்தா காலத்துக் கார் எதுவும் கிடையாது, அப்பாவிடம் இருந்தது டிவிஎஸ் 50 மட்டும். அவினாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போனவன் சாயங்காலம் அவர்கள் கதவைச் சாத்தும் வரை வெளியே வரவில்லை, அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஆறு மாசம் ராத்திரி எல்லாம் ரீல்ஸ், வீடியோ. ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூணு பேர் உட்காரும் ஒரே நீள சீட், 1089 சிசி எஞ்சின். பியட்தான், அதாவது பின்னால் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அதே கார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பெயிண்ட் நிறத்தைக்கூட முடிவு செய்திருந்தேன். துருவைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை.

சேலம் பக்கம் ஒரு ஆள் விளம்பரம் போட்டிருந்தார். "72 மாடல் பிரீமியர் பத்மினி, முழு ரெஸ்டோரேஷன் முடிந்தது, வின்டேஜ் நம்பர் வாங்கலாம்." போன் செய்தால் குரலிலேயே தேன். பேச்சுக்குப் பேச்சு ப்ரோ. "உங்கள மாதிரி யங்ஸ்டர் கைக்குத்தான் ப்ரோ இது போகணும், பெரிசுங்க வாங்கி ஷெட்ல போட்டுடுவாங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கே நான் பாதி விழுந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விலை 2,65,000. கையில் இருந்த சேமிப்பு போதாமல் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். போய்ப் பார்த்தால் வண்டி கிரீம் நிறத்தில் பளபளவென்று நிற்கிறது, க்ரோம் எல்லாம் புதுசு, சீட்டுக்குப் புது ரெக்சின். சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. ஆகாமல் என்ன செய்யும், நான் வருவதற்கு அரை மணி முன்பே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருந்திருக்கிறார்கள். பானெட் கொதித்துக்கொண்டிருந்ததைக் கையால் தொட்டுப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. கார்புரேட்டர் வண்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முந்தின நாளே சொல்லிவிடுங்கள், எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும், நான் வந்துதான் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வேன் என்று. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் ஒரு நிமிஷத்தில் பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பேப்பர் என்று கேட்டதற்குப் பழைய ஆர்சி புத்தகம் ஒன்றையும், ஓனர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள், ஃபார்ம் 29, 30-ஐயும் நீட்டினார். வண்டி நம்பரை ஆப்பில் போட்டால் ஒன்றும் வரவில்லை. "பழைய நம்பர் ப்ரோ, கம்ப்யூட்டர்ல இன்னும் ஏத்தல, பேக்லாக் என்ட்ரி போட்டுக்கலாம்" என்றார், அதாவது பழைய பதிவை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. இதில் கொடுமை என்னவென்றால், இது பாதி உண்மை. அந்தக் காலத்துப் பதிவுகள் நிறைய இன்னும் ஏறாமல்தான் இருக்கின்றன, அதனால் பொய் சொல்கிறவனுக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது.

அடுத்து அந்த வின்டேஜ் நம்பர் கதை. "வி.ஏ. நம்பர் வாங்கிட்டா பத்து வருஷத்துக்கு எவனும் கேக்க மாட்டான், டெய்லி ஆபீசுக்கே ஓட்டலாம்" என்றார். நம்பினேன். உண்மை என்ன என்று பிறகு படித்தேன். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பதிவு, அதுவும் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் இருந்தால். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, வின்டேஜ் ராலி மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆபீசுக்கு ஓட்ட அல்ல. ஆபீசுக்கு ஓட்ட வேண்டும் என்றால் சாதாரண ஆர்சி புதுப்பிப்புதான், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. அந்தக் கட்டணம் 2022-இல் 600-லிருந்து 5,000 ஆனது, 2025-இல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். வாங்குகிற விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, வண்டியைக் கொண்டு வந்தேன். அவினாசி தாண்டியதும் ரோட்டோரம் நின்றுவிட்டது. மே மாச வெயில், எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கும் பம்ப் சூடாகி அடைத்துக்கொண்டது. டீக்கடைக்காரர் ஒரு ஈரத்துணியைக் கொண்டு வந்து பம்ப் மேல் சுற்றினார், பத்து நிமிஷத்தில் கிளம்பியது. அதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன், பியட்டோ அம்பாசிடரோ வைத்திருந்தவர்களுக்கு அது குடும்ப வைத்தியம். அன்றைக்கு ரோட்டில் நின்றபோதுகூட சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் உக்கடம் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். நாற்பது வருஷமாக பியட்டும் அம்பாசிடரும் பிரித்து மாட்டினவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், ஆசையாகத்தான். பிறகு ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பக்கம் வைத்தார், பொத்தென்று கீழே விழுந்தது. பின் சக்கரத்துக்கு மேல் வைத்தார், விழுந்தது. "ஏங் கண்ணு, இது இரும்புல நிக்கல, பட்டியில நிக்குது" என்றார். பட்டி என்றால் பெயிண்டுக்கு முன் ஓட்டை, நெளிசலை அடைக்கத் தடவும் பசை. உள்ளே கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தியதும் தரை உள்ளே போனது. துருவேறிய தகட்டுக்கு மேல் புதுத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து, இடுக்கில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி தடவிக் கருப்பு பெயிண்ட் பூசியிருந்தார்கள். அந்தப் பேப்பரை உருவினார். 2022 டிசம்பர். ஓனர் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துப் பார்த்துச் செய்தது என்று அந்த ஆள் என்னிடம் சொல்லியிருந்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பியட்டுக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் சேஸிஸ். ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டி என்றால் பாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடிச்சட்டத்தைத் தனியாகப் பார்க்கலாம். பத்மினியிலும் அம்பாசிடரிலும் தரை உளுத்தால் வண்டியின் எலும்பே உளுத்த மாதிரி, பெயிண்ட் எத்தனை கோட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை, இன்னொரு ஒன்றரை லட்சம் போட்டுத் தகட்டை மாற்றிக்கொண்டு அழுதிருப்பேன். பெரியவர் கை துடைத்துக்கொண்டே, "என்ன மாடல்னு சொன்னே?" என்றார். 72 பத்மினி என்றேன். சிரித்துவிட்டார். "பத்மினிங்கற பேரே 74-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிரசிடெண்ட், அதுக்கும் முன்னாடி பியட் டிலைட். 72-ல ஏது பத்மினி?" என்றார். பின்னால் இருக்கும் எழுத்தை யாராவது மாற்றி ஒட்டியிருக்கலாமே என்று நான் இழுத்தேன். அவர் பானெட்டைத் திறந்து உள்ளே சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் தகட்டைக் காட்டினார். சுற்றிலும் எல்லாம் பழசு, தகட்டைப் பிடித்திருந்த இரண்டு ரிவெட் மட்டும் புதுசாக மின்னியது.

பெயர் மாற்ற ஆர்டிஓ ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோனபோது மீதியும் தெரிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் இரும்பில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்கப் பார்த்தார், சரியாக விழவில்லை. பெயிண்டைச் சுரண்டினால் கீழே கிரைண்டர் வைத்து அராவிய தடம், அதன் மேல் கோணல்மாணலாக அடித்த புது எண்கள். எஞ்சின் நம்பரும் ஆர்சியோடு சேரவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருட்டு வண்டியோடு வந்து நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை, அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆர்சியில் இருந்த முகவரியைத் தேடி ஈரோடு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஓனர் 2011-இலேயே இறந்துவிட்டாராம். என் கையில் இருந்த ஃபார்ம் 29-இல் அவர் 2023-இல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! ஓனர் இறந்திருந்தால் வாரிசுகள் ஃபார்ம் 31 கொடுத்து முதலில் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் விற்க முடியும், இதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருடைய மகன் நல்ல மனுஷர், டீ கொடுத்து உட்கார வைத்து ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். அந்த நம்பரில் இருந்த நிஜ வண்டி சாம்பல் நிற பியட். அவருடைய அக்கா கல்யாணத்துக்குப் பூச்சரம் கட்டி நிற்கிறது. அதை 2009-இல் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். "புக்கையும் கேட்டாங்க, எதுக்குன்னு யோசிக்காம குடுத்துட்டோம்" என்றார்.

வீட்டில் யாராவது பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்கு எழுதிக் கொடுத்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. யாரும் செய்வதில்லை. அப்படி வண்டி இல்லாமல் சுற்றுகிற ஆர்சி புத்தகத்தை எடுத்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எண்பதுகளின் பத்மினி ஒன்றுக்கு மாட்டி, 50 வருஷக் கணக்கு காட்டி எங்களை மாதிரி ஆட்களிடம் தள்ளுகிறார்கள். வி.ஏ. நம்பர் ஆசை வந்ததிலிருந்து 50 வயசு ஆர்சிக்குத் தனி விலை.

போலீசில் புகார் கொடுத்தேன், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அந்த ஆளின் நம்பர் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தது என் முட்டாள்தனம், அதற்கு ஆதாரமே இல்லை. வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் வேறு தெருவில் போகிறேன்.

அந்தத் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இருபதாயிரம் அட்வான்ஸ் போட்டுட்டேன் அண்ணா" என்றான். ஜிபேயில்தான் அனுப்பியிருக்கிறான், அதுவரை நல்லது, பெயரோடு ஆதாரம் இருக்கிறது. இந்த வாரம் அவனோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். பச்சைத் தகர ஷெட், உடைந்த சிமெண்ட் தொட்டி, 74-க்கு முந்தின "பத்மினி", இந்த மூன்றும் சேர்ந்த படம் உங்களுக்கும் வந்திருந்தால், அதுவும் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். இன்னும் ரெண்டு புகார் சேர்ந்தால் எடுத்து நடத்த வசதியாக இருக்கும் என்று ஏட்டய்யா சொல்லியிருக்கிறார்.