பின்னொட்டு அட்டைகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் டியூஷன் வகுப்பில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஆங்கில அப்ஸ்ட்ராக்ட் நவுன் (பண்பு, நிலை, செயல் ஆகியவற்றின் பெயர்ச்சொல்) பாடத்துக்குக் கடையில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் ஒரே அச்சுதான். இடது பக்கம் கைண்ட், சேட், டார்க். வலது பக்கம் கைண்ட்னஸ், சேட்னஸ், டார்க்னஸ். நடுவில் கோடு போடச் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளும் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அதனால்தான் நான் அட்டைக்கு மாறினேன். பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி, மூலச்சொற்கள் ஒரு கட்டு, னஸ், இட்டி, மெண்ட், ஷன், அன்ஸ், ஹுட், ஷிப், டம் என்று பின்னொட்டுகள் இன்னொரு கட்டு. ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. தொடக்கப்பள்ளி முடித்து வரும் புகுமுக வகுப்புப் (ரிமூவ்) பிள்ளையிலிருந்து ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகிறவர்கள் வரை சில வருஷமாக அந்த டின்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் செய்து பார்க்கலாமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் பின்னொட்டை வைத்து அடுக்காதீர்கள், மூலச்சொல்லின் வகையை வைத்து அடுக்குங்கள். கைண்ட் போன்ற பண்புச்சொல் ஒரு கட்டு, பே, மேனேஜ் போன்ற வினை ஒரு கட்டு, சைல்ட், ஃபிரெண்ட் போன்ற ஆளைக் குறிக்கும் சொல் ஒரு கட்டு. இப்படிப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும். னஸ் பண்புச்சொல்லைத் தேடிப் போகும், மெண்ட் வினையைத் தேடிப் போகும், ஹுட்டும் ஷிப்பும் பெரும்பாலும் ஆட்களோடு ஒட்டும். லைக்லிஹுட், ஹார்ட்ஷிப் என்று சில வரம்பு மீறும்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பாடத்தை நான் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதே இல்லை. இங்குள்ள பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலேயே மலாய் இம்புஹான் (முன்னொட்டு, பின்னொட்டு) படித்துவிட்டு வருகிறார்கள். சிஹாட் என்றால் நலமாக இருப்பது. முன்னால் கெ, பின்னால் ஆன் சேர்த்தால் கெசிஹாத்தான், உடல்நலம். அரசாங்கக் கிளினிக் பலகையில் அந்த வார்த்தையைப் பார்க்காத பிள்ளை கிடையாது. செம்பனை ஆலை வாசலில் கெசலாமத்தான், அதன் மூலம் சலாமத். வினை என்றால் பெரும்பாலும் வேறு சட்டை: பாயார், பெம்பாயாரான், ஊருஸ், பெங்குருசான். இந்த நான்கையும் பலகையில் எழுதி, எதிரில் ஹெல்த், சேஃப்டி, பேமெண்ட், மேனேஜ்மெண்ட் என்று எழுதினால், ஆங்கிலம் ஏதோ புதிதாக வதைக்கிறது என்ற எண்ணம் போய்விடுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு மாணவி, “அப்போ கெஹுஜானான், டீச்சர்?” என்று மடக்கினாள். மழையில் மாட்டிக்கொள்வது என்று பொருள். அதே கெ, அதே ஆன், ஆனால் பெயர்ச்சொல் இல்லை. விதிவிலக்கைப் பிள்ளையே பிடித்துக்கொண்டு வந்தால் எனக்கு வேலை மிச்சம்.

அப்புறம் தமிழ். இனிமை, வறுமை, தாய்மை என்று மை விகுதியைக் காட்டி, தாய்மைக்கு எதிரில் மதர்ஹுட் அட்டையை வைக்கலாம். உடனே பின்வரிசையிலிருந்து யாராவது ஆமை, எருமை என்பார்கள். சிரிக்கட்டும், அதுவும் பாடத்துக்குத்தான். ஆங்கிலத்திலும் எருமைகள் உண்டு. ஹார்னஸ் என்பது சேணம், அதில் னஸ் விகுதியே கிடையாது. செமெண்ட் மெண்டில் முடிந்தாலும் கையில் அள்ளலாம். விட்னஸ் இன்னும் சுவாரசியம்: அறிவு என்ற பொருளில் னஸ் சேர்ந்து உருவான சொல்தான், பிறகு சாட்சி சொல்கிற ஆளையும் குறிக்க ஆரம்பித்துவிட்டது. பிசினஸும் பிசி என்ற சொல்லோடு னஸ் சேர்ந்ததே. இன்று வேலைப்பளுவைச் சொல்ல வேண்டுமானால் வேறு எழுத்துக்கூட்டலோடு பிசினெஸ் என்று தனியாக எழுதுகிறார்கள்.

அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்காதவை. வீட்டில் தாத்தா பாட்டி வாயில் புழங்கும் ஆங்கில வார்த்தைகளைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். தோட்டத்துக் குடும்பங்களில் இவ்வளவு பின்னொட்டுகள் உலவுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. அட்டெண்டன்ஸ், அலவன்ஸ், இன்சூரன்ஸ். இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) வித்டிராவல். கடன் தவணைகளுக்கெல்லாம் சேர்த்து நம் ஊரில் சொல்லும் கமிட்மெண்ட். ஒரு பையன் சிட்டிசன்ஷிப் என்று எழுதி வந்தான். அவன் பாட்டி பல வருஷம் சிவப்பு ஐ.சி., அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டை, வைத்திருந்தவர். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியிருந்த கதையை அவர் பேரனுக்குச் சொல்லியிருக்கிறார். வினையாகவும் வரும் அந்தப் பெர்மிட்டிலிருந்து பெர்மிஷன். மிட் என்று முடியும் வினை மிஷன் ஆவதற்கு அட்மிட், அட்மிஷன் என்று இன்னோர் உதாரணமும் கிடைத்தது. மலாயில் குடியுரிமை கெவார்கநெகாரான். அதிலும் பழைய கெ, ஆன்.

இன்னொருத்தி கொண்டுவந்தது ஃபிராக்மெண்டேஷன். எஸ்.பி.எம். பிள்ளைகளே திணறும் சொல். அவள் தாத்தாவுக்கோ தண்ணி பட்ட பாடு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற துண்டாடல் காலம் அவருடைய இளமைக்காலம். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கினார். தொழிலாளர்கள் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தச் சங்கத்தில் சேர்ந்தால் மெம்பர்ஷிப். ஃபிராக்மெண்ட் என்றால் துண்டு, ஏஷன் சேர்ந்தால் துண்டாக்கும் செயல். அன்றைக்கு நான் விளக்க வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஹுட், டம் இரண்டும் பழைய ஆங்கிலத்தில் தனிச் சொற்களாகவே நின்றவை. ஹுட் என்றால் நிலை, தகுதி. டம் என்றால் தீர்ப்பு, ஆணை. இன்றைய டூம் என்ற சொல் அதன் மிச்சம். ஷிப்புக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை, வடிவைக் குறிக்கும் ஷேப்புக்கு உறவு. கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டம் அட்டைக்கு ஃபிரீடம், கிங்டம், விஸ்டம், போர்டம் தாண்டிப் பள்ளி அளவில் அதிகம் தேறாது.

சத்தத்தைச் சொல்லிக்கொடுக்கவும் இந்த அட்டை உதவும் என்று ஆரம்பத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. னஸ், மெண்ட், ஹுட், ஷிப் சேர்ந்தால் மூலச்சொல்லின் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். இட்டியும் ஷனும் அப்படி விடாது, தனக்கு முந்தைய அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். ஆக்டிவ் என்பதில் ‘ஆக்’ ஓங்கும், ஆக்டிவிட்டி என்பதில் ‘டி’ ஓங்கும். எடியுகேட் என்பதில் முதல் அசை, எடியுகேஷன் என்பதில் ‘கே’. நம் பிள்ளைகள் எல்லா அசையையும் சமமாக உச்சரிக்கிறவர்கள். அழுத்தம் விழும் இடத்தில் மேசையைத் தட்டச் சொன்னதும் வாய்மொழித் தேர்வில் வித்தியாசம் தெரிந்தது. இந்த ஒன்றுக்காகவே டின்னை வைத்துக்கொள்ளலாம்.

சரி, குறைகள். அட்டையை அட்டையோடு ஒட்டினால் வார்த்தை வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள், ஆங்கிலம் அப்படி நேர்மையான மொழி இல்லை. கியூரியஸ் கியூரியாசிட்டி ஆகும்போது ஒரு யூ எழுத்து காணாமல் போகும். எக்ஸ்பிளெயினில் உள்ள ஐ எழுத்து எக்ஸ்பிளனேஷனில் இருக்காது. வார்ம், வார்ம்த் ஆகும், ஆனால் ஹை மட்டும் ஹைட் என்று வெறும் டீயில் நின்றுவிடும். ஹாட் ஹீட் ஆகிவிடுகிறது, அதற்கு எந்த அட்டையும் பொருந்தாது.

மிகப் பெரிய தொல்லை அன்ஸ். ஏ போட்டு எழுதுவதா, ஈ போட்டு எழுதுவதா என்பது காதுக்குத் தெரியாது. முழு விதி இல்லை, சில தடயங்கள்தான். ஒய் எழுத்தில் முடியும் ரிலை, யூ ஆர் ஈ என்று முடியும் இன்ஷூர், எண்ட்யூர் போன்ற வினைகளுக்கு ஏ வரும். கடைசி அசையில் அழுத்தம் விழுந்து ஈ ஆர் என்று முடியும் பிரிஃபர், ரிஃபர் போன்றவற்றுக்கு ஈ. டிஃபரண்ட், பேஷண்ட் போன்ற பண்புச்சொற்களில் ஏற்கெனவே எந்த எழுத்து இருக்கிறதோ அதுவே தொடரும். மீதியெல்லாம் எழுதி எழுதித்தான் கையில் படிய வேண்டும். அட்டையால் ஆகாது.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. அட்டை விளையாட்டில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் கட்டுரையில் அப்ஸ்ட்ராக்ட் நவுனாகக் கொட்டுகிறார்கள். எஸ்.பி.எம். ஆங்கிலம் 1119-இன் இரண்டாம் தாளில் 125 முதல் 150 சொற்களுக்குள் எழுத வேண்டிய கட்டுரை ஒன்று வரும். அதில் ‘வி டிசைடட்’ என்று இரண்டு சொல்லில் முடிவதை ‘வி மேட் எ டிசிஷன்’ என்று இழுத்தால், அந்த அளவுக்கு மற்ற விஷயங்களுக்கு இடம் போய்விடும், நடையும் கனத்துவிடும். அதனால் இப்போது திரும்பி வரும் விளையாட்டும் வைக்கிறேன்: பெயர்ச்சொல்லைக் கொடுத்து வினையை மீட்கச் சொல்வது. முதல் விளையாட்டைவிட இதில்தான் சண்டை அதிகம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு னஸ், மெண்ட், ஷன் மூன்றும் போதும். படிவம் 2-க்கு (இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு) மேல் இட்டி, அன்ஸ், வித்டிராவல் வகை அல் ஆகியவற்றைச் சேருங்கள். அல் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை, அரைவல் பெயர்ச்சொல், நேஷனல் பண்புச்சொல். நாள்காட்டி அட்டை நம் ஊர் ஈரத்தில் ஓரம் வளையும், பூஞ்சையும் பிடிக்கும். லேமினேட் செய்தால் நாள்பட நிற்கும், ஆனால் பென்சிலால் பக்கத்தில் எழுத முடியாது. நான் மூலச்சொல் அட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னொட்டு அட்டைகளை மட்டும் லேமினேட் செய்திருக்கிறேன். தினமும் கைமாறுவது அவைதான்.