சென்னை தெருப் பந்தயத் தடம்: ஃபார்முலா 1 (எஃப் 1) கார் பந்தயத்துக்குத் தாங்குமா?

தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ., 19 வளைவுகள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுப் பந்தயத்தில் தொடக்க நிலைப் பந்தயக் கார்களான ஃபார்முலா 4 கார்களுக்கு இந்தத் தடம் அருமையாகப் பொருந்தியது. முதல் நாள் மழையால் பாதுகாப்புச் சான்றிதழ் தாமதமானது. அதனால் பிப்ரவரிதான் சரியான மாதம்.

எஃப் 1 வர வேண்டும் என்பவர்கள் முதலில் சாலையில் உள்ள சாக்கடை, தண்ணீர்க் குழாய்க் குழிகளின் மூடிகளைக் கவனியுங்கள். வேகத்தில் காருக்கு அடியில் காற்றழுத்தம் குறைந்து, தளர்ந்த மூடியை மேலே இழுக்கும். 2023-இல் லாஸ் வேகாஸ் எஃப் 1 பந்தயத்தில் ஒரு தண்ணீர் வால்வு மூடிதான் ஓட்டுநர் சைன்ஸின் ஃபெராரி கார் அடித்தளத்தைக் கிழித்தது. முதல் பயிற்சி எட்டு நிமிடத்தில் நின்றது. ஒவ்வொரு மூடியையும் வெல்டிங் வைத்து இறுக்கியே ஆகணும்.

பேருந்து ஓடும் சாலையில் தூசி, எண்ணெய் வேறு. சாலையில் டயர் ரப்பர் படியும்வரை பிடிப்பு கிடைக்காது. பந்தயம் பார்க்க நேரில் போனால், சத்தத்துக்குக் காதடைப்பான் அவசியம்.