நீ-ஓலெசுண்ட்: ஆய்வூரில் ஓர் அரைநாள்

சென்ற ஜூலை மாதம், லாங்இயர்பியனிலிருந்து புறப்பட்ட ஒரு சிறிய பயணக் கப்பலில், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையில் உள்ள நீ-ஓலெசுண்டுக்குப் போய்வந்தேன். ஏறத்தாழ 79 பாகை வடக்கில், குளிர்காலத்தில் முப்பது, முப்பத்தைந்து பேரும் கோடையில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மட்டுமே வாழும் ஊர் அது. ஊர் முழுவதையும் நார்வே அரசுக்குச் சொந்தமான கிங்ஸ் பே நிறுவனம் நிர்வகிக்கிறது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர் எங்களை நடத்திய விதத்தில் ஒரு குறையும் இல்லை, எங்களை அழைத்துச்சென்ற கப்பல் அந்த ஊருக்கு எங்களைத் தயார்செய்த விதத்தில் குறை உண்டு.

இங்கே வருவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வானொலி அமைதி. ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை, 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் எதையும் ஒலிபரப்பக் கூடாது. வைஃபையும் புளூடூத்தும் இதற்குள்தான் வருகின்றன. காரணம், நார்வேயின் நில அளவைத் துறை இங்கே நடத்தும் வானொலித் தொலைநோக்கிகள். பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள குவேசார்கள் என்னும் மிகப் பிரகாசமான விண்பொருள்களிலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைக் கொண்டு அவை பூமியின் சுழற்சியையும் கண்டத்தட்டுகளின் நகர்வையும் அளக்கின்றன; நாம் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி வரைபடங்களின் துல்லியம்கூட இத்தகைய அளவீடுகளைச் சார்ந்தே நிற்கிறது. அத்தனை மெல்லிய அலையைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதுக்குப் பக்கத்தில் ஒரு கைக்கடிகாரத்தின் புளூடூத்தே பெரிய கூச்சல்.

எங்கள் கப்பலில் இந்தச் செய்தி ஒலிபெருக்கி வழியாக ஒரே ஒரு முறை, கரையிறங்கச் சில நிமிடங்களுக்கு முன்பு, ஆங்கிலத்தில் மட்டும் சொல்லப்பட்டது. கைபேசியை அணைத்தவர்களில் பலருக்குக் கைக்கடிகாரம், காதொலிப்பான், புகைப்படக் கருவி ஆகியவையும் அலைகளை அனுப்பும் என்பது தெரிந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற வயதான தம்பதியருக்குத் துறைமேடையில் வைத்து நான்தான் ஒவ்வொன்றாக அணைத்துக் கொடுத்தேன். இதை முந்தைய மாலையிலேயே, சாப்பாட்டு மேசைகளுக்கு வந்து பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும். காலணி கழுவும் ஏற்பாட்டிலும் அதே அவசரம்தான். வெளியூர் விதைகள் புகுந்துவிடாதிருக்கச் செய்யும் அந்த வேலையை, ஒரு முறை தண்ணீரில் மிதித்து எழுந்தால் போதும் என்பதுபோல் முடித்துவிட்டார்கள்.

கரையில் நிலைமை வேறு. எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பது பார்த்த உடனே விளங்குகிறது: சாலையை விட்டு இறங்கக் கூடாது, கட்டடங்களுக்குள் நுழையக் கூடாது, கருவிகளைத் தொடக் கூடாது. சாலை ஓரத்திலேயே பார்னக்கிள் வாத்துகள் குஞ்சுகளோடு மேய்கின்றன. அவற்றைக் காட்டிலும் உரிமை கொண்டாடுபவை ஆர்க்டிக் ஆலாக்கள். ஒன்று என் தலைக்கு நேர்மேலே சிறகடித்து நின்று, 'கிர்ர்' என்று கத்தி, அலகைத் தாழ்த்திப் பாய்ந்தது. உயரமான இடத்தைத்தான் அவை குறிவைக்கும் என்பதால், வழிகாட்டி சொன்னபடி ஒரு கையை மேலே தூக்கியபடி மெதுவாக நடந்தேன். கூடு எங்கோ பக்கத்துச் சரளையில் இருந்திருக்க வேண்டும். ஓடினாலும் நின்று படமெடுத்தாலும் அந்தத் தாய்ப்பறவைக்குத்தான் துன்பம்.

ஊரின் கதவுகள் பூட்டப்படுவதில்லை. பனிக்கரடி வந்துவிட்டால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடிப் புகுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் வழக்கம் அது. பூட்டாத கதவைத் திறந்து பார்க்கலாம் என்று அதற்குப் பொருள் அல்ல. இதை என்னுடன் வந்த எல்லோரும் மதித்தார்கள் என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

ஊரின் பழைய முகம் நிலக்கரி. 1962 நவம்பரில் நடந்த சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது, அந்த விவகாரத்தில் நார்வே அரசே கவிழ்ந்தது. துறைமுகத்தருகே நிற்கும் சிறு நீராவி எஞ்சினைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே, 1926இல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினரின் 'நோர்கே' வான்கப்பல் கட்டப்பட்டிருந்த கம்பம் இன்றும் நிற்கிறது.

ஊரின் இன்றைய முகம் பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள். அவற்றில் சீனாவின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் இருந்தன. இந்தியாவின் 'ஹிமாத்ரி' 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில்தான் முதன்முறையாக இந்தியக் குழு குளிர்கால இருளிலும் அங்கே பணியைத் தொடங்கியது. அதன் எதிரே, காங்ஸ்ஃபியோர்டன் என்னும் குறுகிய கடல் நுழைவின் நீரடியில், 2014 முதல் 'இண்டார்க்' என்னும் கருவித்தொகுதி இயங்கியது; அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. சாலையில் நின்றபடி ஹிமாத்ரி கட்டடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்ப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குக் கோடையின் ஒவ்வொரு மணிநேரமும் வேலை நேரம்.

மேலே, 474 மீட்டர் உயரத்தில், செப்பெலின் மலையில் இருக்கும் காற்று ஆய்வகம் உலகிலேயே மிகத் தூய்மையான காற்று வீசும் இடங்களில் ஒன்றில் அளக்கிறது. கீழே துறையில் நிற்கும் கப்பலின் புகை ஊரைச் சுற்றிய அளவீடுகளில் கலந்துவிடக் கூடும் என்பதால், எந்தக் கப்பலில் போகிறோம் என்பது சிறிய கேள்வி அல்ல. கப்பல்கள் வழக்கமாக எரிக்கும் கன எரியெண்ணெய் 2022 முதல் ஸ்வால்பார்ட் கடற்பகுதி முழுவதிலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அது போதும் என்று இருந்துவிடாமல், பயணச்சீட்டு வாங்கும்முன் சில கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு நேரத்தில் எத்தனை பேரை இறக்குகிறீர்கள், எவ்வளவு நேரம் துறையில் நிற்பீர்கள், கரையிறங்குவதற்கு முந்தைய நாள் விளக்கக் கூட்டம் உண்டா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் சொல்லாத நிறுவனத்தை நான் இனி நாடமாட்டேன்.

சிறிய அருங்காட்சியகமும் கடையும் அஞ்சலகமும் இருக்கின்றன. வாங்குவதென்றால் இங்கேயே வாங்குங்கள். அருங்காட்சியகத்துக்கு மட்டும் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கள் குழுவுக்குப் பத்து நிமிடமே கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதியைப் பார்த்து முடிப்பதற்குள் கப்பலுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள்.